பாப்பாவின் இடது காலுக்காக ஒரு நன்றி மடல்

தடுப்பூசி அறையில் இருந்த நர்ஸ் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. ஒன்பதாம் மாத ஊசிக்காகப் பாப்பாவைப் படுக்க வைத்து டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன், நீங்கள் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்துப் பார்த்தீர்கள், இடது முட்டி ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. தொடைகளை விரித்தால் வலது பக்கம் நன்றாக விரிந்தது, இடது பாதியிலேயே நின்றுவிட்டது. "வலிக்குமாக்கா?" என்று கேட்டேன். "வலிக்காதும்மா, அதனாலதான் வீட்ல யாருக்கும் தெரியாமப் போகுது" என்றீர்கள். உண்மைதான், இடது இடுப்பு மூட்டு விலகியிருந்தும் உட்கார்ந்தாள், தவழ்ந்தாள், ஒரு நாள்கூடக் காலுக்காக அழுததில்லை.

பிறந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றுக்குள் தலைக்குப் பதிலாகப் புட்டம் முன்னால் இருந்த குழந்தைக்கு ஆறாவது வாரம் போல இடுப்பு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரிந்திருந்தால் கால்களை மடக்கி விரித்துப் பிடித்து வைக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையிலேயே பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

டாக்டர், நீங்கள் ஒரு கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, மறுகை முஷ்டியை அதற்குள் வைத்து எடுத்துக் காட்டினீர்களே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் உட்காரவில்லை, அது உட்கார்ந்தால்தான் கிண்ணமும் ஆழமாக வளரும். நான் ஏதாவது தப்பாகத் தூக்கிவிட்டேனா என்று கேட்டபோது, தலைச்சன், பெண் குழந்தை, புட்டம் முன்னால், இடது பக்கம், எல்லாமே இது அதிகம் வருகிற இடங்கள்தான், உங்கள் மேல் தப்பில்லை என்றீர்கள். அன்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன். மயக்கம் கொடுத்து, மூட்டுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்து, தொடையின் உட்பக்கம் இறுகியிருந்த தசைநாணைச் சின்னதாக வெட்டித் தளர்த்தி, மெல்ல உள்ளே உட்கார வைத்தீர்கள். பலவந்தமாக விரித்தால் எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டுவிடும் என்று நீங்கள் காட்டிய அந்தப் பொறுமைக்கு என்ன சொல்வது!

மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி, அவள் கண் மூடும்வரை என் மடியிலேயே இருக்க விட்டதற்கு.

மாவுக்கட்டு போட்ட அண்ணனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மார்புக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால்வரை, கால்கள் மடங்கி விரிந்த நிலையில் கட்டு. சுற்றுவதற்கு முன்னால் வயிற்றின்மேல் ஒரு டவலை மடித்து வைத்தாராம், கட்டு இறுகியதும் அதை உருவி எடுத்துவிட்டார், பால் குடித்தால் வயிறு உப்ப இடம் வேண்டுமே என்று. அப்புறம் ஓரம் முழுக்க நீர் புகாத டேப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பூவிதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். பன்னிரண்டு வாரம், நடுவில் ஒரு முறை மாற்றியது, அவள் தோலில் ஒரு புண் இல்லை.

இதே கட்டோடு தன் பிள்ளையை வளர்த்த அந்த அக்கா இல்லாவிட்டால் முதல் வாரமே உடைந்து போயிருப்பேன். கட்டுக்குள் சின்ன டயப்பரைச் செருகி மேலே பெரியதைப் போடுவது, காலையிலும் இரவிலும் டார்ச் அடித்து ஓரங்களைப் பார்ப்பது, கால் விரல்கள் நிறம் மாறுகிறதா, வீங்குகிறதா என்று பார்ப்பது, எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பிய செய்திக்கும் பதில் போட்டீர்களே அக்கா.

கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது, தோல் உரிந்துகொண்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை, அவளாக ஊன்றட்டும் என்று காத்திருந்தார். போன வாரம் எதையும் பிடிக்காமல் நான்கு எட்டு வைத்தாள், நொண்டவில்லை.

வளர்ந்து முடியும்வரை எக்ஸ்ரேக்கு வந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வருகிறோம். அண்ணா, வயிற்றில் வைத்த அந்த டவல் எங்கள் பையோடு வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.