நடு வரிசையில் மூன்று இருக்கைகள்

மாட்டுங்கா, மும்பை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நேற்றிரவு நானும் அம்மாவும் 'ஹிச்கி' படத்தைப் பார்த்தோம். 2018-இல் வெளிவந்தபோதே பார்க்கச் சொன்னாய். நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். உன்னைப் போலவே, தன்னை மீறிச் சத்தமும் உடல் வெட்டி இழுப்பும் வரும் டூரெட் சிண்ட்ரோம் உள்ள ஆசிரியையாக ராணி முகர்ஜி வருகிறார். பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியரின் வாழ்க்கையைத் தழுவிய கதை. 24 பள்ளிகள் அவரை வேண்டாமென்று அனுப்பிய பிறகே ஒரு பள்ளி வேலை கொடுத்ததாம்.

எல்லாரும் கைதட்டும் அந்த முடிவு என் மனத்தில் அவ்வளவாக ஒட்டவில்லை. அந்த ஆசிரியை சிறுமியாக இருந்தபோது அவளைத் தலைமையாசிரியர் மேடைக்கு அழைத்து, உனக்காக நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, மற்ற பிள்ளைகளைப் போலவே என்னையும் நடத்துங்கள் என்று அவள் சொல்லும் இடத்தில்தான் நான் படத்தை நிறுத்திவிட்டேன். நம் வீட்டில் யாரும் உன்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

உனக்கு எட்டு வயதில், தியேட்டரில் உன் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார் என்பதற்காக உன் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் உன் தாடை வெட்டி வெட்டி இழுத்தது. வெளியே கூட்டி வந்து, வேண்டுமென்றே செய்கிறாயா என்று அதட்டினேன். "தும்மலை அடக்க முடியுமாப்பா?" என்று கேட்டாய். அதன் பிறகு எந்தப் படத்துக்குப் போனாலும் ஓர இருக்கையில்தான் உன்னை உட்கார வைத்தேன்.

இது மூளையில் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பாதைகள் சம்பந்தப்பட்டது, வளர்ப்பின் குறை அன்று, சிறிது நேரம் அடக்கினாலும் உள்ளே முட்டிக்கொண்டு வெளியே வந்தே தீரும், பதற்றம் அதைக் கூட்டும் என்றெல்லாம் டாக்டர் பிறகு பொறுமையாக விளக்கியும், பலருக்குப் பதின்ம வயது கடந்தால் குறையும் என்ற ஒன்றை மட்டுமே நான் காதில் வாங்கினேன். அது குறையும் நாளுக்காகக் காத்திருந்தேனே தவிர, அதுவரை நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கவில்லை. அது என் தவறு, கண்ணா. மன்னித்துக்கொள்.

தீபாவளிக்கு வரும்போது எந்தப் படம் பார்க்கலாம் என்று எழுது. நடு வரிசையில், நட்டநடுவில் மூன்று டிக்கெட் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா