தம்பி, இதயமும் ஆன்டிபயாடிக்கும் தனித்தனிப் பாடம் இல்லை

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய குரல் பதிவை மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகுதான் கேட்டேன். இதயத்தைப் படித்தால் ஆன்டிபயாடிக் மறக்கிறது, ஆன்டிபயாடிக்கைப் படித்தால் வால்வு பெயர் குழம்புகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் பார்மசி படிப்பில் ஏன் ஒரே வருஷத்தில் வைத்தார்கள் என்று புலம்பியிருக்கிறாய். சம்பந்தம் இருக்கிறதுடா. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தினமும் கண்ணில் படுகிறது. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு அமாக்சிசிலின் கேப்ஸ்யூலை எடுத்துக்கொள். தொண்டையில் பாக்டீரியா தொற்று, டாக்டர் எழுதினார், விழுங்கியாயிற்று. தொண்டை வழியாகத்தான் இறங்கியது, ஆனாலும் அங்கே வேலை செய்ய அது ஊரெல்லாம் சுற்றித்தான் திரும்பி வரவேண்டும். சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரல், அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஏட்ரியம் (இதயத்தின் மேலறை), மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், மைட்ரல் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா என்ற பெருந்தமனி, அப்புறம்தான் கழுத்துக்குப் போகும் கிளை. படத்தைப் பார்த்து நெட்டுரு போடாமல் இந்த ஒரு கேப்ஸ்யூல் போகும் வழியாகச் சொல்லிப் பார், தானாக வரும். நுரையீரல் தமனியில் மட்டும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுகிறதே என்று குழம்பாதே, இதயத்தை விட்டு வெளியே எடுத்துப் போவது எதுவானாலும் தமனிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இறைக்கிறது, பெரியவர் உடம்பில் இருப்பதும் ஏறக்குறைய 5 லிட்டர்தான். கணக்குப் போட்டுப் பார், தொண்டைக்கென்று கொடுத்த மருந்து இரத்தத்தில் கலந்த ஒரு நிமிடத்தில் கால் பெருவிரலையும் தொட்டிருக்கும்.

போய் என்ன செய்கிறது என்பது அடுத்த பாடம். பாக்டீரியாவுக்குச் செல்சுவர் உண்டு, நம் செல்லுக்குக் கிடையாது. பென்சிலின் குடும்பம் (அமாக்சிசிலினும் அதில்தான்) அந்தச் சுவரின் பெப்டிடோகிளைகான் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியைத் தடுக்கிறது, சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடிக்கிறது. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் சுவர்ப் பக்கம் போவதில்லை, பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான 70எஸ் ரைபோசோமைப் பிடித்துப் புரதம் தயாரிக்க விடாமல் செய்கின்றன, நம்முடையது 80எஸ். வைரஸுக்கு இந்தச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. சளிக்கு ஆன்டிபயாடிக் கொடு என்று ஜன்னலில் சண்டை போடுகிறவர்களிடம் நான் இவ்வளவும் சொல்வதில்லை, "இந்தச் சளிக்கு அது கேக்காதுங்க" என்பதோடு சரி.

இப்போது இரண்டு பாடமும் சேரும் இடத்துக்கு வருகிறேன். ருமாட்டிக் இதய நோய் உள்ள பிள்ளைகள் 3 வாரத்துக்கு ஒரு முறை பென்சாத்தின் பென்சிலின் ஊசிக்கு வருவார்கள், பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்பு, ஆள் மாறி இதய வால்வையும் தாக்குகிறது, பெரும்பாலும் மைட்ரலை. கெட்டுப்போன வால்வை ஊசி சரிசெய்யாது, அடுத்த தொண்டைத் தொற்று வராமல் காக்கும், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவில்தான் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை இருக்கிறது. சாதாரண பென்சிலின் ஜி-யின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய அரை மணிதான், சிறுநீரகம் உடனே வெளியே தள்ளிவிடும். 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குக் கொடுத்தபோது மருந்து போதாமல் அவர் சிறுநீரிலிருந்தே திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள், அதுவும் தீர்ந்து அவர் இறந்துபோனார். பென்சாத்தின் உப்பு எளிதில் கரையாது, தசையில் தங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குப்பியில் வெள்ளைப் பொடி, தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டியாகக் கலங்கும், நர்ஸ் கலக்கிவிட்டுத் தாமதித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். வலியும் அதிகம், அதனாலேயே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆழமாகத் தசையில் மட்டும்தான் போட வேண்டும், நரம்பில், அதாவது சிரையில், ஒருபோதும் கூடாது, இதைத் தேர்வுக்காக இல்லாமல் படி. இன்னொன்று, எத்தனையோ கிருமிகள் பென்சிலினை ஏமாற்றக் கற்றுக்கொண்டன, இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் இன்றுவரை அதற்கு அடங்கியே இருக்கிறது.

கெட்ட வால்வில் கிருமியே குடியேறிவிட்டால் எண்டோகார்டைடிஸ். அங்கே இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினும் பிளேட்லெட்டும் சேர்ந்த கட்டிக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. பக்கத்திலேயே லிட்டர் கணக்கில் இரத்தம் பாய்ந்தும் உள்ளே மருந்து இறங்குவது கடினம். அதனால்தான் 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக அதிக அளவில் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆறாததிலும் இதே கதை கொஞ்சம் இருக்கிறது, குழாய் குறுகிய காலுக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும் இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சீழ்க்கட்டியைக் கீறி வெளியேற்றாமல் மாத்திரை மேல் மாத்திரை கொடுப்பதும் அப்படித்தான்.

ஷெட்யூல் எச்1 பற்றிக் கேட்டிருந்தாயே, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அரசுப் பட்டியல், அது 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அதில் வரும். கடையில் தனிப் பதிவேடு வேண்டும், டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம் எல்லாம் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு நீ போகும் கடையில் இந்தப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்கிப் பார், அந்தக் கடை எப்படி என்று தெரிந்துவிடும்.

மெஸ் பணம் அப்பா போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஒன்று கேட்பேன், யோசித்து வை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எப்போதும் நரம்பு வழியாகத்தானே கொடுக்கிறோம், குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தால் மட்டும் ஏன் வாய்வழி கொடுக்கிறார்கள்? புத்தகத்தைத் திறக்காமல், அந்த அமாக்சிசிலின் கேப்ஸ்யூல் போன வழியில் இது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்.

அம்மா