நின்று நின்று போன கம்ப்யூட்டரும் நன்றிக்குரியவர்களும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டை ஐயாவுக்கும், மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

என் டிசைன் கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. காலையில் போட்டால் இரவு நானாக அணைக்கும்வரை நிற்பதில்லை. உங்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் என்ன செய்தார் என்று ஒருவருக்கு ஒருவர் தெரியாது. இந்த மாதிரி விஷயத்தில் கடைசியாகக் கோளாறைப் பிடித்தவருக்கு மட்டும் பேர் போய்விடுகிறது. அதற்கு முன்னால் ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கொடுத்தவர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

சேலையில் தறியிலேயே நெய்து வரும் ஜக்கார்டு டிசைன் போடுவது என் தொழில். பார்டர், புட்டா, முந்தி எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம் தவறினாலும் துணியில் பல்லிளிக்கும். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து தீபாவளி ஆர்டர் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து இந்தப் பெட்டி வேலையைக் காட்டியது. எச்சரிக்கை கிடையாது, நீலத்திரை கிடையாது. பட்டென்று இருட்டு. சில நாள் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் போகும், சில நாள் பொழுதுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல், “மதர்போர்டு போச்சுங்க, மொத்தமா மாத்திடுங்க” என்றார்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள் நீங்கள்.

பாலிடெக்னிக் தம்பி, முதலில் உனக்கு. விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நின்ற ‘கெர்னல் பவர் 41’ என்பதைக் காட்டி, அதுவே நோய் இல்லை என்று விளக்கினாய். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதற்குள்ளே, விண்டோஸ் விழுந்தால் பதிவாகும் பக்செக் கோடு பூஜ்யமாக இருந்ததால், விண்டோஸ் விழுந்திருக்க வாய்ப்பு குறைவு, பவர் பக்கம் பார்க்கலாம் என்றாய். ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர்கள் வாயை அடைத்தது அந்தப் பூஜ்யம்தான். ராத்திரி முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமையும் சந்தேகத்திலிருந்து விடுவித்தாய்.

நான்கு ரோடு பக்கம் சர்வீஸ் செய்யும் தம்பிக்கு அடுத்த நன்றி. நீங்கள் ஃபேனைக் கழற்றியபோது, ப்ராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் மேல் படிந்திருந்த பஞ்சு ஒரே படலமாக உரிந்து வந்ததே, அதை இன்னும் என் மேஜையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட. தறி ஓடும் தெருவில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டதும், 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த ப்ராசசர் 60-க்கு இறங்கியது. அதோடு “முடிஞ்சுதுங்க” என்று பில் போட்டிருக்கலாம். நீங்களோ, “சூடு கொறஞ்சிருக்கு, ஆனா இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, அதுவரைக்கும் எதையும் வாங்கிடாதீங்க” என்றீர்கள். மறுநாளே நின்றது. விலை சொல்லாமல் அந்த வார்த்தையைச் சொன்னதற்குத்தான் இந்த நன்றி.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் லூசாக இருந்த ப்ளக் பாயின்ட்டை மாற்றி, எர்த்தையும் பார்த்துக் கொடுத்தார். எர்த் நன்றாகவே இருந்தது. சரி, அதுவும் இல்லை.

இனி எதிர்வீட்டு அக்கா. நாங்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருக்க, நீங்கள் வாசலில் நின்று, “ஏனுங்க, நாங்க டீ குடிச்சுட்டு வந்து தறி போடறப்பத்தான் உங்க பொட்டி நின்னுபோவுது, கவனிச்சீங்களா?” என்றீர்கள். யாரும் கவனிக்கவில்லை. நின்ற நேரத்தை எல்லாம் குறித்துப் பார்த்தால், தறிகள் மொத்தமாகக் கிளம்பும் நேரத்தோடு அப்படியே பொருந்தியது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை! அண்ணன் திரும்ப வந்து மீட்டரை மாட்டி வைத்துக் காத்திருந்தார். தறிகள் ஒன்றாகக் கிளம்பிய கணத்தில் 228 வோல்ட் 190-க்குக் கீழே போய் மீண்டது. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்றார்.

யுபிஎஸ் இருக்கும்போது அது எப்படி என்னைப் பாதிக்கும்? பேட்டரி புதுசு வேறு. இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் செவ்வாய்ப்பேட்டை ஐயாவிடம் போனேன். ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்ப்பவர். பெட்டியைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை சொன்னார்: “அதே யுபிஎஸ்ல ஒரு டேபிள் லைட்டையும் மாட்டி, சுவத்துல இருக்கற ப்ளக்கைப் புடுங்குங்க.” பிடுங்கினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கம்ப்யூட்டர் செத்தது. ஆக யுபிஎஸ்ஸும் குற்றவாளி இல்லை.

என் யுபிஎஸ் மாதிரி சாதாரண யுபிஎஸ், லைனிலிருந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைத் தாங்குவதற்கென்றே எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைக்குள், கரண்ட்டைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லி நொடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். என்னுடையதில் அந்தக் கெப்பாசிட்டர் பல வருடச் சூட்டில் வற்றிப்போயிருந்தது. தறி கிளம்பினால் வோல்ட் இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும், அந்த நூலிழை இடைவெளியில் என் டிசைன் போய்விடும்.

ஐயா எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்ததும் கையை உள்ளே விடவில்லை. இரண்டு வயரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கெப்பாசிட்டரின் காலில் வைத்தார். பல்பு ஒருமுறை மினுக்கி அணைந்தது. “ப்ளக்கைப் புடுங்கினாலும் இதுக்குள்ள கரண்ட் இருக்கும், வீட்ல தொறந்துறாதீங்க” என்று அப்புறம்தான் சால்டரிங் அயர்னை எடுத்தார். மேலே பார்த்தால் அந்தக் கெப்பாசிட்டர் கொஞ்சம்கூட உப்பவில்லை. 470 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 200-கூடக் காட்டவில்லை. அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். மறுத்துவிட்டார். ஃபேனும் மற்ற கெப்பாசிட்டர்களும் அதே வயசு, இன்று இது போனால் நாளை அது போகும், புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கூலியும் வாங்கவில்லை. வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஏமாறாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்கச் சொன்னது தனி உதவி.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியபின் அதே லைட் சோதனையைத் தெருவே கூடி நின்று பார்த்தது. ப்ளக்கைப் பிடுங்கியும் கம்ப்யூட்டர் அசையவில்லை. ஆகப்போகும் செலவை எண்ணித் தூங்காமல் கிடந்த எனக்கு, ஒரு எஸ்எம்பிஎஸ் விலையோடு காரியம் முடிந்தது.

இவ்வளவு நாளும் ஆர்டரை வேறு கைக்கு மாற்றாமல் பொறுத்துக்கொண்ட முதலாளிக்கும் என் நன்றி. பார்டருக்கு ஜக்கார்டு அட்டை அடித்தாகிவிட்டது, முந்தி இந்த வாரம் முடியும்.

எதிர்வீட்டு அக்கா, உங்கள் தறிக்கு மாங்காய் புட்டாவில் சின்னதாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முந்தி வேலை முடிந்ததும் அதைத்தான் எடுக்கிறேன். காசு பேச்சே வேண்டாம்.