மே மாத வகுப்புக்கு முன்: தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஒன்ராறியோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2021இல் நிறைவேறிய சட்டப்படி, ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாட்கள் இந்த மாகாணத்தில் தமிழ் இனப்படுகொலை பற்றிய கல்வி வாரம். எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் எடுபடவில்லை. சரி, சட்டம் நிலைத்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகிறோம்?

பல வகுப்புகளில் பாடம், 2009இல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் தொடங்கி அங்கேயே முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்பில், சுவர் முழுக்க 2009ஆம் ஆண்டுச் சடலங்களின் படங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, அவையள் என்ன பிழை செய்தவை?" தண்டனை விழுந்தால் ஏதோ குற்றம் இருந்திருக்கும் என்றுதான் குழந்தை நினைக்கும். சாவை மட்டும் காட்டினால் அந்த நினைப்பு போகாது. அதற்கு முன்னால் அறுபது வருடமாக என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் புள்ளியில் தொடங்குங்கள். இரண்டு மாணவர்களிடம் 240 புள்ளி எழுதிய தாளை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஒருவர் தமிழில் பரீட்சை எழுதியவர், மற்றவர் சிங்களத்தில். 1971இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. யார் என்ன பிழை செய்தார்கள் என்று அப்போது பிள்ளைகளிடமே கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக இங்கே இரவு பகலாகப் படிக்கும் பிள்ளைக்கு இது சட்டென்று உறைக்கும்.

அப்புறம் மற்றக் காகிதங்களுக்குப் போகலாம். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலைப் பற்றி மட்டும் ஒரு முழு வகுப்பு எடுக்கலாம். அரசாங்கம் வைத்திருக்க வேண்டிய பெயர் விவரம் கும்பல் கைக்கு எப்படிப் போனது என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளை, வேறெந்த நாட்டுச் செய்தியையும் சரியாகப் படிக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். நமக்குக் கசக்கும் என்பதற்காக இதை விட்டுவிட்டால், அந்தப் பாடத்தை நம்பச் சொல்லி முஸ்லிம் பிள்ளையிடமோ சிங்களப் பிள்ளையிடமோ கேட்கும் உரிமை நமக்கு இல்லை. இதைச் சொல்வதால் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் கணக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

2009ஐ மறைக்கச் சொல்லவில்லை. உயர்நிலை வகுப்பில் விரிவாகவே சொல்லுங்கள்: அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் விழுந்த எறிகணைகள், தாக்கப்பட்ட மருத்துவமனைகள், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற 2011ஆம் ஆண்டு ஐநா நிபுணர் குழு அறிக்கை. சின்னப் பிள்ளைகளுக்குச் சடலப் படம் வேண்டாம். எரிந்த நூலகத்தின் படம் போதும்.

எந்த வயதுக்கு எதைக் காட்டப் போகிறீர்கள் என்று ஏப்ரலிலேயே பெற்றோருக்கு எழுதி அனுப்புங்கள். அன்று இரவு கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல நாங்களும் படித்து வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தந்தை