பி.சி.ஜி. கொப்புளத்தில் மஞ்சள் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

காசநோய் வராமல் தடுக்கப் பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. ஊசி அன்றைக்கு ஒன்றும் செய்யாது. மருந்து ஏறியதும் தோல் கொசுக்கடி போல வெளுத்துத் தடித்து, அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அதே இடத்தில் சிவந்த கொப்புளம் கிளம்பும். அது பருத்து, உடைந்து, துளி சீழ் கசிந்து, பொருக்குத் தட்டி, இரண்டு மூன்று மாதத்தில் 4 முதல் 8 மில்லிமீட்டர் தழும்பாக ஆறும். மருந்து வேலை செய்கிற முறையே இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், கொப்புளம் பழுக்கிற நேரத்தில்தான் ஆறாவது வாரத் தடுப்பூசியும் வருகிறது. தொடையில் போட்ட ஊசிக்குக் கையில் புண் வந்ததாக வீட்டில் பேச்சு கிளம்பி, அடுத்த தவணையே நின்றுபோகிறது. அதோடு மஞ்சள் பத்து, சுண்ணாம்பு, கடையில் வாங்கிய களிம்பு வேறு. எதுவும் வேண்டாம். பிதுக்கவும் கூடாது. தண்ணீர் படலாம், தேய்க்கக் கூடாது. சட்டை ஒட்டிக்கொண்டால் நனைத்து எடுங்கள்.

ஊசி போடுபவர் கையிலும் தவறு நேர்வதுண்டு. ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அளவு 0.05 மில்லி, அதற்கு மேல் 0.1 மில்லி. ஊசி தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். அந்த வெளுத்த தடிப்பு எழவில்லையென்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய சீழ்க்கட்டியும் அக்குளில் நெறியும் (நெறிக்கட்டி) இதனால்தான் அதிகம் வருகின்றன.

இடது அக்குளில் பட்டாணி அளவு நெறி தானாகக் கரையும். பெரிதாகிக்கொண்டே போய், தொட்டால் கொழகொழவென்று, மேல்தோல் பளபளத்துச் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழை ஊசியால் உறிஞ்சி எடுப்பதே முறை. கத்தி வைத்துக் கீறினால் அந்த வாய் மாதக்கணக்கில் மூடாமல் ஒழுகும். நெறியோடு விடாத காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. ஊசி போட்ட ஓரிரு நாளிலேயே கொப்புளம் வந்தாலும் காட்டுங்கள். வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்து குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம்.

தழும்பு விழாத குழந்தைகளும் உண்டு. அதற்காக மறு ஊசி கேட்டு அலைய வேண்டியதில்லை.

பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது தடுப்பூசி அட்டையில் “மூன்றாவது வாரம் கையில் கொப்புளம் வரும், தொடாதீர்கள்” என்று பேனாவால் ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லி சுகாதாரத்துறை உத்தரவிடலாம்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்