என் சொல்லை நம்பியவர்களுக்கு நன்றி

ஹட்டனை அண்டிய எங்கள் தோட்டத்து மக்களுக்கும், எனக்குத் துணைநின்ற ஏனையோருக்கும் வணக்கம்.

கொழும்பில் நான் வேலைக்கு நின்ற இடத்தில் எனக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையை இங்கே விவரிக்கப் போவதில்லை. அது நீதிமன்றத்தில் சொல்லப்பட வேண்டியது. வீடு திரும்பிய பின் என்னைத் தாங்கியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் சித்திக்கு. "ஏன் அங்க போன, ஏன் கத்தல" என்று கேட்காமல், "நீ சொல்றத நம்புறேன் புள்ள" என்றார். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் வேறெவரிடமும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதை அறிந்திருந்த எங்கள் பிரிவின் மருத்துவமாது அக்கா, அன்றிரவே வாகனம் பிடித்து என்னை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்.

வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ அந்த வைத்தியசாலையில் இயங்கும் நட்பு நிலையத்தின் தாதிக்கு நான் பட்ட கடன் பெரிது. பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி, என் சம்மதத்தைக் கேட்ட பின்னரே என்னைத் தொட்டார்கள். என் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எனக்கே உண்டு என்பதை அன்றுதான் மீண்டும் உணர்ந்தேன். பெரும் அச்சத்தில் உடல் விறைத்துக் குரல் எழும்பாமல் போவது இயல்பு, அதைச் சம்மதமாக எவரும் கொள்ள முடியாது என்று அவர் விளக்கிய பிறகு, நான் கத்தவில்லையே என்று இரவுதோறும் என்னையே குற்றஞ்சாட்டி வந்தது மெல்ல மெல்லக் குறைந்தது. அதற்குப் பல மாதங்கள் ஆயின. இப்போதும் சில இரவுகளில் உறக்கம் வருவதில்லை.

சிங்களத்தில் எழுதப்பட்ட என் வாக்குமூலத்தைத் தமிழில் முழுமையாக வாசித்துக் காட்டி, விடுபட்ட இரண்டு விடயங்களைச் சேர்த்த பின்னரே கையொப்பமிட விட்ட பெண் பொலிஸ் உத்தியோகத்தருக்கும் நன்றி. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்றாலும், மலையகத்துப் பெண்கள் பலருக்கு அந்த வாசிப்பு கிடைப்பதில்லை.

பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களை வாசலோடு திருப்பியனுப்பிய அப்பாயிக்கும், அவருக்குப் பக்கபலமாக நின்ற தோட்டத் தலைவருக்கும் என் வணக்கம்.

என்னோடு கொழுந்து பறிக்கும் அக்காமாரே, கிளினிக்குக்குப் போய்த் தாமதமாக மலைக்கு வந்த நாட்களில் எனக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழக்கூடாதென்று உங்கள் கொழுந்தை என் சாக்கில் கொட்டினீர்கள். காரணம் எதுவும் கேட்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்க, வழமைபோல் என்னையும் வரிசையில் நிறுத்தினீர்கள். ஒதுக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. இதே கொடுமைக்கு ஆளாகி, பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கோ பிள்ளைகளுக்கான 1929 இலக்கத்துக்கோ அழைக்கத் தயங்குபவர்கள் நம் லயங்களில் இருந்தால், சித்தியிடமோ மருத்துவமாது அக்காவிடமோ சொல்லியனுப்புங்கள். வைத்தியசாலைக்கு நானும் கூட வருகிறேன்.