இந்த ஆண்டு முதல் வட்டலப்பம் விற்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறோம். சென்ற நோன்புப் பெருநாளுக்கு எங்களிடம் வட்டலப்பம் (முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் அவிக்கும் இனிப்பு) வாங்கிய வெளியூர்க்காரர்களில் சிலர், பெட்டியைத் திறந்தபோது அது புளித்து நீர்விட்டிருந்ததாகத் தெரிவித்திருந்தீர்கள். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டோம் என்றாலும், பெருநாள் தொழுகை முடிந்து பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வேறு இனிப்புக்கு எங்கே போவது என்று தவித்திருப்பீர்கள். அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பார்சல் வண்டி ஒரு பகல் தாமதமாகப் போனது உண்மைதான். ஆனால் வண்டி நேரத்துக்குப் போயிருந்தாலும் அந்தப் பண்டம் அவ்வளவு தூரம் தாங்கியிருக்காது. அனுப்பக் கூடாததை ஆசைப்பட்டு அனுப்பியது எங்கள் பிழை.

எனவே இந்த ஆண்டு முதல் வட்டலப்பம், நெய்ச்சோறு, கறி ஆணம் (இறைச்சிக் குழம்பு) முதலிய சமைத்த உணவு எதையும் பண்டிகைக் காலத்தில் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தேங்காய்ப் பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல், அரிசி மாவை வறுத்துச் செய்யும் ஓட்டு மாவு, இடியாப்ப மாவு, அதிரச மாவு, முண்டு மிளகாய் சேர்த்து அரைத்த மசாலாத் தூள், கருப்பட்டி ஆகிய ஆறும் மட்டுமே எங்களிடம் கிடைக்கும். நாள்பட நிற்கக் கூடியதும், இன்றைய சிறு குடும்பத்தின் ஆள்பலத்துக்கு அடங்காததுமான வேலையை நாங்கள் செய்து தருகிறோம். அடுப்பிலிருந்து இறக்கிய அன்றே உண்ண வேண்டியதை உங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்பதுதான் இந்த ஏற்பாடு. வருமானத்தில் இது நட்டம் என்று கடைக் கணக்கைப் பார்க்கும் மருமகன் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

தொதலிலும் வட்டலப்பத்திலும் இருப்பது அதே தேங்காய்ப் பாலும் அதே கருப்பட்டியும்தானே, ஒன்று மட்டும் எப்படிக் கெடாமல் நிற்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வட்டலப்பம் முட்டையை அடித்து ஆவியில் அவிப்பது. அதன் ஈரம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. தொதலோ ஈரத்தை விரட்டுவதற்காகவே கிண்டப்படுவது. எங்கள் அளவு, 1 கிலோ பச்சரிசி மாவுக்கு 2 கிலோ கருப்பட்டி, 10 தேங்காய். இரண்டாம் பாலில் மாவையும் வடிகட்டிய பாகையும் கரைத்து அடுப்பேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முதல் பாலை ஊற்றிக் கிண்டத் தொடங்கினால் ஏறத்தாழ 4 மணி நேரம் கை நிற்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் அது கூழ்; பிறகு களி; அதன்பின் துடுப்பை இழுக்கவே தோள் வலிக்கும் அளவுக்கு இறுகும். பாலில் இருந்த நீர் வற்றி, தேங்காய் எண்ணெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்போதும், சட்டியில் ஒட்டாமல் மொத்தமாகச் சுருண்டு வரும்போதும்தான் இறக்கலாம். அந்த எண்ணெயை வடித்துவிட்டு, ஏலக்காயும் முந்திரியும் சேர்த்துத் தட்டில் கொட்டி, மறுநாள் வரை ஆறவிட்டுத் துண்டு போடுகிறோம். இனிப்பு மிகுந்து ஈரம் குறைந்துவிடுவதால் அது காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே 15 நாள் நன்றாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், வைத்தால் கல்லாகிவிடும்.

முன்பெல்லாம் பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது முற்றத்தில் கல் கூட்டி, கருவேல விறகு எரித்து, உம்மாவும் சாச்சியும் பக்கத்து வீட்டு ராத்தாக்களும் முறை வைத்துக் கிண்டுவார்கள். ஒரே சட்டித் தொதல் நாலு வீட்டுக்குப் பிரியும். இன்று பலர் அடுக்குமாடி வீட்டில் இருவராகவோ மூவராகவோ இருக்கிறீர்கள். அந்த வீட்டில் 4 மணி நேரம் துடுப்புப் போட யார் இருக்கிறார்கள்? ஆகவே தொதலை நாங்கள் செய்து தருவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. கொழும்பில் இருக்கும் உறவினர் வீட்டிலும் இதே பண்டத்தைக் கண்டதாக ஒரு வாடிக்கையாளர் வியந்து எழுதியிருந்தார். வியப்பதற்கு இல்லை, மலாய்க்காரர்கள் ‘தோதோல்’ என்பதைத்தான் நாம் தொதல் என்கிறோம். இந்தக் கரையிலிருந்து இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் மரக்கலம் ஓட்டியவர்கள் சரக்கோடு சமையலையும் கொண்டு வந்தார்கள். 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்துகொண்டிருந்ததால், இரு கரைச் சமையலறைகளும் ஒன்றையொன்று மறக்க வழியே இல்லாமல் இருந்தது.

விலையைக் குறைக்கப் பாதி சீனி கலக்கலாமே என்ற யோசனையை ஏற்பதற்கில்லை. சீனி சேர்ந்த தொதல் நிறம் வெளுத்து, வெறும் இனிப்பாக நாக்கில் நிற்கும். பனையின் மணம் வராது. கருப்பட்டி விலை ஏறுவதற்குக் காரணம் எளிது. மரத்துக்குப் பஞ்சமில்லை, ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, காலையும் மாலையும் ஏறி இறங்கும் தொழிலுக்குச் சாயல்குடிப் பக்கத்திலும் இளைஞர்கள் வருவது அரிதாகிவிட்டது. இறக்கிய பதனீரை அன்றே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால்தான் கருப்பட்டி. ஒரு நாள் பிந்தினால் புளித்துவிடும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். பதனீர்க் காலம் தை, மாசியில் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் பெருகி ஆனியோடு ஓய்ந்துவிடும். நோன்புப் பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31 என்று வந்தபோது புதுக் கருப்பட்டி தாராளமாகக் கிடைத்தது. இன்னும் சில ஆண்டுகளில் பெருநாள் தை மாதத்துக்கே வந்துவிடும். அப்போது சென்ற பருவத்துக் கருப்பட்டியை ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தப்பவைத்து எடுத்தால்தான் தொதல். மழை ஈரம் பட்டால் கருப்பட்டி இளகிக் கசியும் என்பதால், ஓலைப் பெட்டியில் அடுக்கி, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி வைக்கிறோம். தைப்பொங்கலுக்கு எங்களிடம் கருப்பட்டி வாங்குகிறவர்கள் எப்போதுமே இந்தப் பழைய கருப்பட்டியைத்தான் பெறுகிறீர்கள். அது கறுத்திருப்பதைக் கண்டு பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். தட்டிக் கரைத்து வடிகட்டிப் பொங்கலில் ஊற்றிப் பாருங்கள், வெல்லப் பொங்கலை நீங்களே ஒதுக்கி வைப்பீர்கள்.

மசாலாத் தூளைப் பற்றி ஒரு சொல். நீட்டு மிளகாய்த் தூள் போடும் கணக்கில் இதைப் போடாதீர்கள். முண்டு மிளகாய் உருண்டையாய், தோல் தடித்தது. காரம் நடுத்தரம், நிறமும் குழம்பின் திண்மையும் அதிகம். ஆகவே இரண்டு கரண்டிக்கு இரண்டரைக் கரண்டி வேண்டியிருக்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்தப் பெயரில் வேறு மிளகாயும் சந்தைக்கு வருகிறது. நாங்கள் விளைவிப்பவர்களிடமே வற்றலாக வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் மீண்டும் காயவைத்து அரைக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு அதிரசமும் முறுக்கும் சுட்டே தரும்படி தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து வாடிக்கையாளர்கள் கேட்டிருந்தீர்கள். அதிரசத்தில் கடினமான பகுதி ஊறிய அரிசியை ஈரத்தோடு இடித்துப் பாகில் பதம் பார்த்துக் கிளறுவதுதான். அதை நாங்கள் முடித்துத் தருகிறோம். எண்ணெயில் போடுவது அரை மணி வேலை. பொங்கி வரும் அதிரசத்தைக் கரண்டியால் அழுத்துகிற உரிமைக்குப் பிள்ளைகள் சண்டை போடும் அந்த அரை மணியை உங்களிடமிருந்து நாங்கள் எதற்கு வாங்கிக்கொள்ள வேண்டும்? முறுக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை நாங்கள் தொடப்போவதில்லை.

வட்டலப்பத்தை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது முறையல்ல என்பதால் எங்கள் பக்குவத்தை எழுதுகிறோம். 10 முட்டை, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருப்பட்டி, 2 தேங்காயின் முதல் பால், 6 ஏலக்காய். கருப்பட்டியை மிகக் குறைந்த நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முற்றிலும் ஆறவிட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் மெதுவாகக் கலக்கி, பாலும் பாகும் சேர்த்து மறுபடி ஒரு முறை வடிகட்டி, பாத்திரத்தில் முக்கால் பங்கு ஊற்றுங்கள். ஆவி நீர் சொட்டாமல் இருக்க மூடியைத் துணியால் கட்டி, சிறுதீயில் 40 நிமிடம் அவித்து, நடுவில் ஈர்க்கைக் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். தீ பெரிதானால் உள்ளே துளை துளையாகிவிடும். சுவை கெடாது, மாமியார்தான் ஏதாவது சொல்வார். முந்தைய இரவு அவித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் இடியாப்பத்தோடு பரிமாறுங்கள். இந்த அளவுக்கு வேண்டிய கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்த சிறு பொட்டலத்தை, கேட்பவர்களுக்குத் தொதலோடு சேர்த்து அனுப்பிவைக்கிறோம்.

ஒரு நாளில் இரண்டு சட்டிக்கு மேல் தொதல் கிண்ட எங்களால் இயலாது. ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் அவரவர் வீட்டில் பெருநாள் உண்டு. ஆகவே நோன்புப் பெருநாளுக்கு நோன்பு 15க்குள்ளும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இரண்டு வாரம் முன்பும், கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 10க்குள்ளும், பொங்கலுக்கு மார்கழி 15க்குள்ளும் சொல்லிவிட வேண்டுகிறோம். அதன்பின் வரும் ஆர்டரை, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும், ஏற்க முடியாது. தொதல் அரைக் கிலோ, ஒரு கிலோ அளவில் பனையோலைக் கொட்டானில் வரும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண்ணும் செய்த நாளும் கொட்டானில் கட்டிய சீட்டில் இருக்கும். உள்ளூர் வாடிக்கையாளர்கள் கொட்டானைக் கிழியாமல் கொண்டுவந்து தந்தால் அடுத்த முறை அதற்கான தொகையைக் கழித்துக்கொள்கிறோம். சென்ற பெருநாளுக்கு வட்டலப்பம் வாங்கி, இன்னும் பணம் திரும்பக் கிடைக்காதவர் எவரேனும் இருந்தால் இந்த மாதத்துக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்கள்
கீழக்கரை